குத்துச்சண்டையின் மிகச் சிறந்த இளம் வீரர் யார்?

குத்துச்சண்டையில் சின்ன வயதில் சாதித்தவர் யார் என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் யோசிக்காமல் சொல்லும் பெயர் மைக் டைசன். 1986 நவம்பர் 22 அன்று லாஸ் வேகாஸில் டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டிலேயே வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டத்தை வென்றபோது டைசனுக்கு வயது 20 வருடம், 4 மாதம். ஹெவிவெயிட்டில் இந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் மற்ற எடைப் பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் டைசன் கொஞ்சம் ‘வயதானவர்’தான்!

உலகப் பட்டம் வென்றவர்களிலேயே மிக இளையவர் வில்ஃபிரட் பெனிடெஸ். 1958 செப்டம்பரில் நியூயார்க்கில் பிறந்து, பியூர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்தவர். 15 வயதில் தொழில்முறை வீரரானார். 1976 மார்ச் 6 அன்று சான் ஹுவான் நகரில் ஜூனியர் வெல்டர்வெயிட் சாம்பியன் அன்டோனியோ செர்வாண்டஸை எதிர்த்து மேடை ஏறியபோது அவருக்குப் பதினேழரை வயது. நம்மூர்க் கணக்கில் பிளஸ் டூ படிக்கிற பையன்! எதிரே நின்ற செர்வாண்டஸ் சாதாரண ஆள் இல்லை. கொலம்பியாவுக்குக் கிடைத்த முதல் உலக சாம்பியன், பட்டத்தைப் பத்து முறை காப்பாற்றிக் கொண்டவர், வயது 30. பதினைந்து ரவுண்டு முடிந்ததும் மூன்று நடுவர்களில் இருவர் பையன் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

பெனிடெஸுக்கு ‘ரேடார்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எதிராளியின் கை கிளம்பும்போதே அது எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு தலையை நகர்த்திவிடுவார். முதுகைக் கயிற்றில் சாய்த்துக்கொண்டு, அடி அத்தனையும் காற்றில் போகும்படி செய்வார். இதைப் பயிற்சியால் மட்டும் யாரும் கற்றுக்கொண்டுவிட முடியாது. சொல்லப்போனால் பயிற்சி என்றாலே அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பது அப்போதே ஊரறிந்த குறை. அப்படியும் 20 வயதில் வெல்டர்வெயிட் பட்டம், 22 வயதில் ஜூனியர் மிடில்வெயிட் பட்டம் என்று மூன்று எடைப் பிரிவுகளில் சாம்பியனானார். அந்த வயதில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. இடையில் 1979 நவம்பரில் சுகர் ரே லெனார்டிடம் மட்டும் ஒரு தோல்வி. அதுவும் 15வது ரவுண்டில், மணி அடிக்க ஆறே ஆறு வினாடிகள் இருந்தபோது!

அதன் பிறகு நடந்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1982க்குப் பிறகு பெனிடெஸின் ஆட்டம் வேகமாகச் சரிந்தது. 1986இல் அர்ஜென்டினாவில் ஒரு சண்டையில் தோற்றுவிட்டு, பணமும் பாஸ்போர்ட்டும் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே சிக்கிக்கொண்டார். 1990இல் கையுறையைக் கழற்றும்போது, தலையில் வாங்கிய அடிகளால் மூளை மீள முடியாத அளவுக்குப் பாதிக்கப்பட்டிருந்தது. அடியே படாதவர் என்று பெயர் வாங்கியவருக்கு இந்தக் கதி.

இனி ஹெவிவெயிட். டைசனுக்கு முன்பு இந்தப் பிரிவின் இளைய சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சன். 1956இல் ஆர்ச்சி மூரை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தியபோது அவருக்கு 21 வயது. இதில் ஒரு சுவாரசியம்: பேட்டர்சன், டைசன் இருவருக்கும் குரு ஒருவரே, கஸ் டி’அமாட்டோ. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு குனிந்து உள்ளே புகும் பாணி அவருடையது. தன் இரண்டாவது சீடன் பட்டம் வாங்கியதைப் பார்க்க அவர் இல்லை. 1985 நவம்பரிலேயே காலமாகிவிட்டார்.

மூன்றாவது இளையவர் காசியஸ் கிளே, அதாவது பின்னாளைய முகமது அலி. 1964இல் சோனி லிஸ்டனைத் தோற்கடித்தபோது வயது 22. பேட்டர்சனுக்குக் கிடைத்தது மார்சியானோ ஓய்வுபெற்றுக் காலியாக இருந்த நாற்காலி. கிளேவோ, எல்லோரும் பயந்து நடுங்கிய ஒரு சாம்பியனை உட்கார்ந்த நாற்காலியிலிருந்தே எழ முடியாமல் செய்தார். (ஏழாவது ரவுண்டுக்கு லிஸ்டன் எழுந்து வரவே இல்லை.)

கடைசியாக, நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு பெயர்: சால்வடார் சான்செஸ்.

1959 ஜனவரியில் மெக்சிகோவில் பிறந்தவர். ஃபெதர்வெயிட், அதாவது 57 கிலோ பிரிவு. 21வது பிறந்தநாள் முடிந்து ஒரு வாரத்தில் டேனி லோபஸை 13வது ரவுண்டில் நிறுத்திப் பட்டத்தைப் பறித்தார். சில மாதம் கழித்து மறுபடியும் மோதினார்கள். இம்முறை 14வது ரவுண்டு. சான்செஸின் ரகசியம் இதுதான்: அவசரமே கிடையாது. எதிராளி பாய்ந்து வரட்டும் என்று பின்வாங்கிக்கொண்டே இருப்பார்; மற்றவர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் அவர் வேகம் கூட்டுவார்.

1981 ஆகஸ்டில் அவரோடு மோத வந்தார் வில்ஃபிரடோ கோமஸ். 33 சண்டையில் தோல்வியே இல்லை. ஒன்று டிரா, மீதி 32ம் நாக் அவுட்! ஜெயிப்பது கோமஸ்தான் என்று பந்தயக்காரர்கள் பணம் கட்டினார்கள். முதல் ரவுண்டிலேயே சான்செஸ் அவரைத் தரையில் விழவைத்தார். எட்டாவது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டபோது கோமஸின் கன்ன எலும்பு முறிந்து, கண்கள் வீங்கி மூடியிருந்தன. அடுத்த ஜூலையில் நியூயார்க்கில், கடைசி நேரத்தில் வேறொருவருக்குப் பதிலாக வந்து சேர்ந்த, அங்கே யாருக்கும் தெரியாத கானா நாட்டு வீரர் அசுமா நெல்சன். அவர் கொடுத்த கடும் போட்டியைச் சமாளித்து 15வது ரவுண்டில் முடித்தார் சான்செஸ். மூன்று வாரம் கழித்து, 1982 ஆகஸ்ட் 12 விடியற்காலையில், மெக்சிகோ நெடுஞ்சாலை ஒன்றில் அவருடைய போர்ஷே கார் லாரியில் மோதியது. வயது 23.

சரி, இவர்களை எப்படி ஒப்பிடுவது? பட்டம் வென்ற வயதை மட்டும் பார்த்தால் பெனிடெஸ்தான், பேச்சே இல்லை. ஆனால் ஒரே ஒரு இரவை வைத்து ஒருவரை எடை போட முடியாது. சான்செஸ் இறந்த வயதான 23 வருடம் 6 மாதம் என்பதில் எல்லோருக்கும் கோடு போட்டுப் பார்ப்போம். அந்தக் கட்டத்தில் அலி 21 சண்டை, 21 வெற்றி. டைசன் 37க்கு 37. (ஆறே வாரத்தில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றது கோட்டுக்கு அந்தப் பக்கம்!) பெனிடெஸ் 44 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா. சான்செஸும் அச்சு அசலாக அதே 44, 1, 1.

எண்ணிக்கை உதவவில்லை. அப்படியானால் யாரை ஜெயித்தார்கள் என்று பார்க்க வேண்டும். டைசன் வீழ்த்திய லாரி ஹோம்ஸுக்கு அப்போது 38 வயது. மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 91 வினாடியில் விழுந்தவர், அதற்குப் பிறகு மேடை ஏறவே இல்லை. அலியின் பெரிய சண்டைகள் எல்லாம் இந்த வயதுக்குப் பின்னால் வந்தவை. பெனிடெஸ் வென்ற செர்வாண்டஸ், டுரான் இருவரும் மாபெரும் வீரர்கள்தான். ஆனால் தோற்ற அன்று இருவருக்கும் முப்பது. தன் வயதை ஒட்டிய ஒரு மகா வீரரான லெனார்டிடம் அவர் தோற்றுவிட்டார்.

சான்செஸிடம் தோற்றவர்கள் கதை வேறு. கோமஸ், நெல்சன் இருவருக்கும் அப்போது வயது 24. ஹுவான் லாபோர்ட்டுக்கு 21. எல்லோரும் ஏறுமுகத்தில் இருந்தவர்கள். சின்ன வயதில் இறந்ததால் வந்த அனுதாபப் புகழ் என்று சிலர் சொல்வதுண்டு. அவர்கள் இந்தப் பட்டத்தின் பிற்காலக் கதையைப் பார்க்க வேண்டும். சான்செஸ் இறந்து காலியான டபிள்யூபிசி ஃபெதர்வெயிட் பட்டத்தை 1982 செப்டம்பரில் வென்றவர் லாபோர்ட். 1984 மார்ச்சில் லாபோர்ட்டிடமிருந்து அதை எடுத்துக்கொண்டவர் கோமஸ். அதே வருடம் டிசம்பர் 8 அன்று சான் ஹுவானில், சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் கோமஸை 11வது ரவுண்டில் வீழ்த்தி அதை வாங்கிக்கொண்டு போனவர் நெல்சன். மூவருமே சான்செஸிடம் தோற்றவர்கள். உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு 25 வயதுதான் ஆகியிருக்கும்.