ரயில் வராத ரயில் பாதை: ஒல்வேராவின் எல்லைக்கோடும் சைக்கிள் தடமும்

தென் ஸ்பெயினில், காதிஸ் மாகாணத்தின் வடகிழக்கு ஓரத்தில், 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒரு குன்றின்மீது ஏறி உட்கார்ந்திருக்கிறது ஒல்வேரா. ஏறத்தாழ 8,000 பேர் வாழும் சிற்றூர். சுண்ணாம்பு பூசிய வீடுகள் வரிசை வரிசையாக மேலேறி, உச்சியில் ஒரு பழங்கோட்டையையும் அதையொட்டிய இரட்டைக் கோபுரத் தேவாலயத்தையும் தொடுகின்றன. கீழே, ஊரின் விளிம்பில், ஒரு ரயில் நிலையம். அங்கிருந்து மேற்கே புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கி.மீ. நீளத்துக்கு 30 சுரங்கங்களும் 4 பெரும் பாலங்களும் இருக்கின்றன. இவ்வளவு கட்டியும் அந்தத் தடத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில்கூட ஓடவில்லை. இன்று அதில் சைக்கிள்கள் ஓடுகின்றன.

சுற்றுலா எழுத்துகள் இதைக் 'கைவிடப்பட்ட ரயில் பாதை' என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. கைவிடுவதற்கு முதலில் கையில் எடுத்திருக்க வேண்டும். ஒல்வேராவின் தடம் பிறப்பதற்கு முன்பே நின்றுபோனது. சொல்லில் உள்ள இந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், ஊரின் எண்ணூறு ஆண்டு வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது. கோட்டை, பண்டகசாலை, ரயில் தடம் ஆகிய மூன்றும் இந்த மலைக்கு வெளியே இருந்த அதிகாரங்கள் தங்கள் தேவைக்காகக் கட்டியவை. அந்தத் தேவைகள் தீர்ந்தோ தோற்றோ போன பிறகுதான் அவை ஊரார் கைக்கு வந்தன. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

கோட்டையிலிருந்து தொடங்குவோம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் முஸ்லிம் ஆட்சியில் எழுந்தது அது. பாறையின் வடிவத்துக்கேற்ப ஒழுங்கற்ற முக்கோணமாக மதில் வளைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் கொர்தோபாவும் செவில்லும் காஸ்தீலிய அரசர்களிடம் வீழ்ந்தபின், கிரனாடாவைத் தலைநகராகக் கொண்ட நஸ்ரித் முஸ்லிம் அரசு மட்டும் எஞ்சியது. அதன் மேற்கு எல்லை இந்த மலைகளின் வழியே ஓடியது. வரைபடத்தில் கோடு போட்டாற்போன்ற எல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கோட்டையிலிருந்து பார்த்தால் அடுத்த கோட்டை கண்ணுக்குத் தெரியும். பகலில் புகை, இரவில் தீ என்று செய்தி தாவும். புருனா, தோர்ரே அல்ஹாக்கிமே, செத்தெனில், சாரா, நடுவில் ஒல்வேரா என்று காவல் கண்கள் கோத்த சங்கிலி அது. காஸ்தீலியர் இந்த நிலப்பட்டைக்கு 'பந்தா மொரிஸ்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1327இல், பதினாறு வயதை எட்டிக்கொண்டிருந்த காஸ்தீலிய அரசன் 11ஆம் அல்ஃபோன்சோ ஒல்வேராவைக் கைப்பற்றினான். பிடித்த ஊரில் யாரைக் குடியமர்த்துவது என்ற சிக்கல் உடனே எழுந்தது. எந்த இரவிலும் தாக்குதல் வரக்கூடிய இடத்துக்கு மனமுவந்து குடும்பத்தோடு வருபவர் யார்? அதற்கு அரசு கண்டுபிடித்த வழி வினோதமானது. எல்லையூரில் குறிப்பிட்ட காலம் தங்கிக் காவல் சேவை செய்தால் கொலைக் குற்றத்துக்கும் மன்னிப்பு உண்டு என்று சலுகை வழங்கியது. அவ்வாறு வந்தவர்களுக்கு 'ஒமிசியானோ' என்று பெயர். கொலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஜிப்ரால்டருக்கு 1310இலேயே இத்தகைய சலுகை தரப்பட்டிருந்தது. ஒல்வேராவும் அதைப் பெற்றது. 'ஆளைக் கொன்றுவிட்டு ஒல்வேராவுக்கு ஓடிவிடு' என்ற பொருளில் ஒரு வழக்கு இன்றும் அப்பக்கம் உண்டு. ஊர்க்காரர்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அதற்குள் ஓர் ஆட்சிமுறை ஒளிந்திருக்கிறது: அரசுக்கு வேண்டாத மனிதர்களை அரசுக்கு வேண்டிய ஆபத்தான நிலத்தில் கொண்டுபோய் நட்டுவைக்கும் முறை.

ஒல்வேரா கைமாறிய பின்னும் எல்லை அசைந்துகொண்டுதான் இருந்தது. சாரா 1407இல் காஸ்தீலியர் வசமானது. 1481 டிசம்பரில் கிரனாடா அரசர் அதை ஓர் இரவில் மீட்டார். அந்த மீட்பே இறுதிப் போருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 1483இல் சாரா மீண்டும் வீழ்ந்தது, 1484இல் செத்தெனில், 1485இல் ரோந்தா, 1492இல் கிரனாடா. அதோடு எல்லை மறைந்தது; பெயர்கள் மறையவில்லை. ஹெரேஸ் தெ லா ஃப்ரொந்தேரா, ஆர்கோஸ் தெ லா ஃப்ரொந்தேரா, மொரோன் தெ லா ஃப்ரொந்தேரா என்று 'எல்லையின்' என்ற ஒட்டை ஐந்து நூற்றாண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கின்றன இவ்வட்டாரத்து ஊர்கள்.

போர் முடிந்தால் காவலுக்கு வந்தவனுக்கு நிலம் கிடைக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். நிலத்தின் பெரும்பகுதி பிரபுக்களுக்குப் போனது. ஒல்வேராவின் ஆட்சியுரிமை பல கை மாறி 15ஆம் நூற்றாண்டில் ஹிரோன் குடும்பத்திடம் வந்தது. 1562இல் ஒசுனா கோமகன் பட்டம் பெற்ற அதே குடும்பம். கோட்டைக்குக் கீழே இன்று நிற்கும் 'லா சில்லா' என்ற கட்டடம் அக்கோமகன்களின் தானியப் பண்டகசாலை. விளைச்சலில் அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு அங்கே குவிந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழைய தேவாலயத்தை இடித்துவிட்டு இப்போதுள்ள செவ்வியல் பாணித் தேவாலயத்தை எழுப்பியதும் அவர்களின் செலவில்தான். ஒரு சிற்றூருக்கு அது மிகப் பெரிது. தூரத்திலிருந்து பார்க்கையில் கோட்டையைவிடத் தேவாலயமே ஊரை ஆள்வதுபோல் தோன்றுவதும் தற்செயலாகாது.

ஊராருக்கென்று இருந்த வழிபாட்டிடம் ஊருக்கு வெளியே, ரெமெதியோஸ் மாதா கோயில். 1715இல் கடும் வறட்சியில் மாதாவை வேண்டி மழை பெய்ததாக நம்பிக்கை. அதன் நினைவாக ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றின் மறுநாள் இன்றும் அங்கே திருவிழா கூடுகிறது. கோமகனின் கல் ஒரு பக்கம், மானாவாரி விவசாயியின் மழை வேண்டுதல் மறுபக்கம். அந்தக் காலத்து ஊர் எது என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் காட்டுவேன்.

பெரும் பண்ணைகளும் கூலிக்காரர்களும் என்ற அந்த அமைப்பு 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. மலைநாட்டு ஒலிவ எண்ணெயும் தானியமும் வெளியே போக நல்ல வழியில்லை. ஹெரேசிலிருந்து கிழக்கே மலைகளை ஊடுருவி அல்மார்ஹென் வரை ரயில் விட வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலம் காகிதத்திலேயே கிடந்தது. அதற்குக் கதவைத் திறந்தது ஒரு சர்வாதிகாரம். 1923இல் ஆட்சியைப் பிடித்த தளபதி மிகெல் பிரீமோ தெ ரிவேரா ஹெரேசைச் சேர்ந்தவர். அவருடைய பொதுப்பணி அமைச்சர் குவாதலோர்சே பிரபுவான ரஃபாயேல் பென்ஹுமேயா, அணை கட்டிப் பெயர் பெற்ற பொறியாளர். 1926இல் அவர் கொண்டுவந்த அவசர ரயில் கட்டுமானத் திட்டம் நாடெங்கும் புதிய பாதைகளை வாக்களித்தது. மலைநாட்டுப் பாதையின் வேலை 1927இல் தொடங்கியது.

வேலை என்றால் சாதாரண வேலையில்லை. ரயில் சரிவைப் பொறுக்காது. நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஏறுவதற்கே மூச்சு வாங்கும். குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் மாறி மாறி வரும் நிலத்தில் அந்தச் சமதளத்தைக் காக்க வேண்டுமானால், வழியில் வரும் மலையைக் குடைந்தாக வேண்டும், ஆற்றைத் தாண்டியாக வேண்டும். 36 கி.மீட்டருக்குள் 30 சுரங்கங்கள் வந்தது இதனால்தான். மிக நீளமானது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். குவாதலெத்தே, குவாதல்போர்குன் ஆறுகளின் ஓரமாகத் தடம் போகும் இடங்களில் வளைவு வரிசைகளோடு கூடிய உயரமான பாலங்கள் எழுந்தன.

பிறகு பணம் வற்றியது. 1930இல் பிரீமோ தெ ரிவேரா பதவி விலகினார். 1931இல் குடியரசு மலர்ந்தது. குடியரசின் பொதுப்பணி அமைச்சர் இந்தலேசியோ பிரியேத்தோ, முந்தைய ஆட்சி கணக்குப் பார்க்காமல் ரயில் பாதைகளைத் தொடங்கிவிட்டது என்று கருதியவர். திட்டத்தின் பல பாதைகளுக்குச் செலவு சுருக்கப்பட்டது. அவர் கணக்கு தவறில்லை என்பது என் எண்ணம். ஆனால் கூலியின்றித் தவித்த மாகாணத்தில் அந்தக் கணக்கு எப்படி இறங்கியிருக்கும் என்பதும் யோசிக்கத்தக்கது. 1933 ஜனவரியில் அதே காதிஸ் மாகாணத்தின் காசாஸ் வியேஹாசில் நிலமற்ற கூலிகள் கிளர்ந்து, ஒடுக்கப்பட்டு மாண்டார்கள். 1936இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1941இல் அகலப் பாதைகள் அனைத்தும் ரென்ஃபே என்ற அரசு நிறுவனத்தின்கீழ் வந்தன. 1962இல் உலக வங்கியின் அறிக்கை, புதுப் பாதை போடுவதை நிறுத்தி இருப்பதைச் சீராக்குங்கள் என்று ஆலோசனை சொன்னது. அரைகுறையாக நின்றவற்றுக்கு அதுவே இறுதிச் சடங்கு.

ஒல்வேரா தனியாகத் தோற்கவில்லை. 1926 திட்டத்தில் இருந்த பயேசா–உத்தியேல் பாதையும், தலவேரா–வில்யநுவேவா தெ லா செரேனா பாதையும் பெரும்பாலும் கட்டி முடித்த நிலையில் ரயிலைக் காணாமலே கிடந்தன. இவற்றின் துண்டுகளும் இப்போது சைக்கிள் தடங்களே: அல்கராஸ் மலைத்தடம், ஹாரா தடம். ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். கத்தலோனியாவில் ஹிரோனா–ஒலோத் குறுகிய பாதை 1969 வரை மனிதர்களைச் சுமந்தது. ஒஹோஸ் நேக்ரோஸ் சுரங்கத்திலிருந்து சகுந்தோ கடற்கரைக்கு இரும்புத் தாது போன பாதை 1972இல் மூடப்பட்டது. ஹாயேனின் 'எண்ணெய் ரயில்' 1985இல் நின்றது. அத்தடங்களில் சைக்கிள் மிதிப்பவர் யாரோ ஒருவரின் பாட்டனார் போன வழியில் போகிறார். ஒல்வேராவில் அத்தகைய நினைவு எதுவும் இல்லை. பாட்டனார் அங்கே பயணம் செய்யவில்லை, மண் சுமந்தார்.

பழைய ரயில் தடத்தை நடைவழியாக்கும் எண்ணம் ஸ்பெயினில் முளைத்ததன்று. அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்ராய்–ஸ்பார்ட்டா தடம் 1960களிலேயே திறந்துவிட்டது. பிரிட்டனில் 1963ஆம் ஆண்டின் பீச்சிங் அறிக்கை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதைக்கு முடிவு கட்டிய பிறகு அங்கும் இப்பேச்சு எழுந்தது. ஸ்பெயினில் நட்டத்தில் ஓடிய பாதைகள் 1985 தொடக்கத்தில் மொத்தமாக மூடப்பட்டன. 1993இல் கணக்கெடுத்தபோது பயனற்ற தடங்கள் 7,000 கி.மீட்டருக்கும் மேல். அவ்வாண்டே பொதுப்பணி அமைச்சகமும் ஸ்பானிய ரயில்வே அறக்கட்டளையும் சேர்ந்து 'வியா வெர்தே', அதாவது பசுமை வழி, என்ற திட்டத்தைத் தொடங்கின. மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை. நடப்பவர், சைக்கிள், குதிரை, சக்கர நாற்காலி எல்லாம் போகலாம். 1998இல் ஐரோப்பிய அளவிலும் ஒரு சங்கம் அமைந்தது. 1993 கணக்கெடுப்பில் ஓடி ஓய்ந்த தடங்களும் ஓடாமலே கிடந்த தடங்களும் ஒரே பட்டியலில் ஏறின. நிர்வாகத்துக்கு அந்த வேற்றுமை தேவைப்படவில்லை. நான் தொடக்கத்தில் சுட்டிய சொற்பிழைக்கு வேர் இங்கே இருக்கலாம்.

ஒல்வேராவின் மலைத்தடத்தைச் சுற்றுப்புற ஊர்கள் ஓர் அறக்கட்டளை வழியே பராமரிக்கின்றன. பயணியைக் காணாத நிலையக் கட்டடங்கள் விடுதியும் உணவகமுமாயின. தடத்தின் நடுப்பகுதியில் சாஃப்ரமகோன் என்ற செங்குத்துப் பாறை நிற்கிறது. ஆந்தலூசியாவின் பெரிய பாறுக் கழுகுக் கூட்டங்களில் ஒன்று அங்கே கூடு கட்டுகிறது. அங்கு வரவேண்டிய ரயில் நிலையம் இப்போது கழுகுகளை நோக்கும் மையம். ரயில் ஓடியிருந்தால் அந்தப் பறவைகள் இவ்வளவு அமைதியாக இருந்திருக்குமா என்ற கேள்வியை ஊகமாகவே விட்டுவிடுகிறேன்.

சைக்கிள்காரருக்கு இத்தடம் ஏன் இவ்வளவு எளிது என்பதற்கும் விடை 1927இல்தான் இருக்கிறது. நீராவி எஞ்சினின் பலவீனத்துக்காகப் போட்ட சமதளம் பழக்கமில்லாத முழங்காலுக்கும் பொருந்துகிறது. சுரங்கத்துள் கோடையிலும் குளிர் தட்டும். கையில் விளக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஒல்வேரா நிலையத்தில் தடம் முடிந்ததும் இந்தச் சலுகை முடிகிறது. கோட்டை கட்டியவன் எதிரி மூச்சிரைக்க வேண்டும் என்று இடம் தேர்ந்தான். ரயில் பொறியாளர் அதே செங்குத்தை ஒதுக்கிக் கீழேயே நின்றுகொண்டார். ஊருக்குள் போக வேண்டுமானால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே வியர்வையோடு ஏறி, பழைய மதில் சூழ்ந்த 'லா வில்லா' பகுதியை அடைந்தால், கோமகனின் தானியச்சாலை அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. எல்லையையும் கோட்டைகளையும் பற்றிய கண்காட்சி. கோட்டை மேலிருந்து பார்த்தால் புருனா தெரிகிறது, வானம் தெளிவாயிருந்தால் தொலைவில் சாராவும்.