பிக்கினி: ஒரு பவளத்தீவின் பெயரும் அணுச்சோதனையின் எச்சமும்

பசிபிக் பெருங்கடலில், மார்ஷல் தீவுக்கூட்டத்தின் வடபகுதியில், ஒரு பெரிய காயலை வளையமாகச் சூழ்ந்து கிடக்கும் இருபதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின் தொகுதியே பிக்கினி. கடலடி எரிமலை காலப்போக்கில் அமிழ்ந்துபோக, அதன் விளிம்பில் வளர்ந்த பவளப்பாறை மட்டும் நீர்மட்டத்தில் எஞ்சுவதால் உருவாகும் இவ்வகைத் தீவு வளையப் பவளத்தீவு எனப்படும். மார்ஷலிய மொழியில் இதன் பெயர் 'பிகின்னி'. பரப்பைக் குறிக்கும் 'பிக்', தேங்காயைக் குறிக்கும் 'நி' ஆகிய சொற்களின் சேர்க்கை என்று அது பொதுவாக விளக்கப்படுகிறது. ரஷ்யக் கப்பற்படைக்காகக் கடலாய்வு செய்த ஓட்டோ ஃபான் கோட்செபு 1825இல் இதற்குத் தம் கப்பலின் இயற்கையியலாளரான எஷ்ஷோல்ட்ஸின் பெயரைச் சூட்டினார். 1885இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெர்மானியர் உள்ளூர்ப் பெயரைத் தம் எழுத்துக்கேற்பத் திரித்து 'பிக்கினி' என்று எழுதினர். எனினும் 1946 வரையில் மேலைநாட்டு வரைபடங்களில் எஷ்ஷோல்ட்ஸின் பெயரும் வழங்கிவந்தது.

1914இல் ஜப்பானிடமும் 1944இல் அமெரிக்காவிடமும் தீவுகள் கைமாறின. கடற்படைக் கப்பல்கள் அணுகுண்டை எவ்வாறு தாங்கும் என்று அறிய விரும்பிய அமெரிக்கா, வழக்கமான கடல்வழிகளிலிருந்து ஒதுங்கியிருந்த பிக்கினியைத் தேர்ந்தது. 1946 பிப்ரவரியில், ஞாயிறு வழிபாடு முடிந்த வேளையில், இராணுவ ஆளுநர் பென் வயாட் மக்களைக் கூட்டி, மனிதகுல நன்மைக்காகத் தீவைத் தற்காலிகமாக விட்டுத்தர இயலுமா என்று கேட்டார். ஆயத்தப் பணிகள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டமையால் அதனை இசைவு கோரிய செயலாகக் கருதுவதற்கில்லை. தலைவர் ஜூடாவின் கீழிருந்த 167 பேரும் மார்ச் மாதம் ரோங்கெரிக் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு உணவின்றி வாடி, 1948இல் குவாஜலினுக்கும் பின்னர் கிலிக்கும் மாற்றப்பட்டனர். கிலியோ காயலே இல்லாத ஒற்றைத் தீவு. காயலில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வகையிலும் மாற்றிடம் ஆகவில்லை.

1946 ஜூலை 1 அன்று வெடித்த முதல் குண்டின்மேல் ரீட்டா ஹேவர்த் நடித்த திரைப்படப் பாத்திரமான 'கில்டா'வின் பெயர் எழுதப்பட்டிருந்தது. நான்கு நாள்களுக்குப் பின் பாரிஸில் லூயி ரேயார் தாம் வடிவமைத்த ஈருறுப்பு நீச்சலுடையை 'பிக்கினி' என்னும் பெயரில் அறிமுகம் செய்தார். அவருக்குப் போட்டியாளரான ஷாக் எய்ம் அதற்கு முன்பே தம் நீச்சலுடைக்கு 'அணு' என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தார். ஆகவே ரேயாரின் தேர்வு தனிமனிதக் குறும்பன்று, அழிவாயுதத்தைக் கவர்ச்சிப் பொருளாக்கிய ஒரு காலகட்டத்தின் போக்கு என்று கொள்வதே பொருந்தும். இன்று உடை அறியப்பட்ட அளவுக்குத் தீவு அறியப்படவில்லை.

1958 வரை பிக்கினியில் 23 சோதனைகள் நடந்தன. 1954 மார்ச் 1 அன்று வெடித்த 'பிராவோ' ஏறத்தாழ 6 மெகாடன் ஆற்றல் தரும் என்று கணிக்கப்பட்டிருந்தது. வினையில் பங்கேற்காது என்று கருதப்பட்ட லித்தியம்-7 எரிபொருளாக மாறியதால் ஆற்றல் 15 மெகாடனாக உயர்ந்தது. கதிரியக்கச் சாம்பல் ரோங்கலாப் தீவு மக்கள்மீதும், 23 ஜப்பானிய மீனவர் இருந்த படகொன்றின்மீதும் படிந்தது. அம்மீனவருள் குபோயாமா ஐகிச்சி செப்டம்பரில் இறந்தார். ஏப்ரலில் இந்தியப் பிரதமர் நேரு சோதனைகளை நிறுத்திவைக்கும் உடன்பாடு வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கோரினார். அதே மாதம் மார்ஷல் தீவினர் ஐக்கிய நாடுகள் அவைக்கு மனு அளித்தனர். ஐ.நா. அவையின் பெயரால் தீவுகளைப் பாதுகாக்கும் பொறுப்பையும் அமெரிக்காவே ஏற்றிருந்தமையால், முறையீடு எதிராளியைக் கடந்து செல்ல வழியின்றிப் போயிற்று.

தீவு பாதுகாப்பானது என்று 1968இல் அதிபர் ஜான்சன் அறிவித்ததை நம்பிச் சில குடும்பங்கள் திரும்பின. ஆனால், சுமார் 30 ஆண்டு அரைவாழ்வு கொண்ட, அதாவது அக்காலத்தில் பாதியாகக் குறையும், சீசியம்-137 வேதியியல் இயல்பில் பொட்டாசியத்தை ஒத்தது. பொட்டாசியம் குறைந்த பவள மண்ணில் தென்னை அதற்கு ஈடாகச் சீசியத்தை உறிஞ்சிக் காயில் சேர்த்தது. உண்டவர்களின் உடலில் அது மிகுந்ததால் 1978இல் மீண்டும் வெளியேற்றம் நிகழ்ந்தது. பொட்டாசிய உரமிட்டால் உறிஞ்சல் பெரிதும் குறையும் என்பது பின்னர் ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஆயினும் நிரந்தரக் குடியேற்றம் நிகழவில்லை.

1986இல் அமெரிக்காவுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் வழி அமைந்த அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம், 2001இல் பிக்கினி மக்களுக்கு 56 கோடி டாலருக்கு மேல் வழங்கத் தீர்ப்பளித்தது. தீர்ப்பாயத்தின் நிதி அதற்குப் போதாமையால் மிகச் சிறு பகுதியே கொடுக்கப்பட்டது. எஞ்சியதைக் கோரிய வழக்கை விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் மறுத்தது; அதே ஆண்டில் யுனெஸ்கோ பிக்கினியை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.