ஸ்கொட்லாந்து ஏன் மலாவிக்குக் காசு கொடுக்கிறது?

நான் கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்தவள். இங்கே ஸ்கொட்லாந்துக்குத் தனியான நாடாளுமன்றம் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு விவகாரம் அதன் கையில் இல்லை. 1998 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது லண்டனின் பொறுப்பு. அப்படியிருந்தும் 2005 இலிருந்து ஸ்கொட்லாந்து அரசு ஆபிரிக்காவில் உள்ள மலாவிக்கு உதவிப் பணம் அனுப்பிவருகிறது. உலகத்தில் இத்தனை நாடுகள் இருக்க, ஏன் மலாவி?

பதிலுக்கு நாங்கள் 150 வருடங்களுக்கு மேல் பின்னால் போகவேண்டும்.

கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் பிளான்டையர் என்று ஓர் ஊர் இருக்கிறது. டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்தது அங்கேதான். அவர் 1859 இல் மலாவி ஏரிக்குப் போனார். அங்கே நடந்த அடிமை வியாபாரத்தைக் கண்டித்தார். அதை நிறுத்த அவர் சொன்ன வழி இரண்டு: கிறிஸ்தவமும் வணிகமும். மனிதர்களை விற்பதற்குப் பதிலாக மக்கள் விளைபொருட்களை விற்கட்டும் என்பது அவருடைய எண்ணம். அவர் இறந்தபின், 1876 இல், ஸ்கொட்லாந்து மிஷனரிகள் அங்கே ஒரு நிலையம் தொடங்கி அதற்கும் பிளான்டையர் என்றே பெயர் வைத்தார்கள். இன்று அது மலாவியின் பெரிய நகரங்களில் ஒன்று.

மிஷனுக்குப் பின்னால் கொம்பனி வந்தது. 1878 இல் கிளாஸ்கோ வியாபாரிகள் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். மிஷனுக்குச் சாமான் கொண்டுபோவதும் நல்ல வியாபாரத்தை வளர்ப்பதும் அதன் நோக்கம். ஆனால் அதிகம் வாங்கி விற்றது யானைத் தந்தம். பள்ளிக்கூடமும் மருந்தும் கொடுத்த அதே வழியால்தான் வியாபாரமும் போனது. பிறகு, 1891 இல், பிரித்தானிய ஆட்சியும் வந்தது.

இதில் எங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இலங்கையில் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கியதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். அந்தக் காலத்தில் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்தன. அப்படி அங்கே காப்பி பயிரிட்ட ஹென்றி பிரவுன் என்பவர் மலாவிக்குப் போய் முலாஞ்சே மலையடியில் தேயிலை நட்டார். எங்கள் மலையகத்தின் கதையும் மலாவியின் கதையும் அங்கே ஒரே செடியில் சந்திக்கின்றன.

தோட்டக்காரர்கள் நிலத்தை எடுத்தபின், அதில் குடியிருந்தவர்கள் வாடகைக்குப் பதிலாக உடல் உழைப்பைக் கொடுக்கவேண்டும் என்றார்கள். இதற்குப் பெயர் தங்காட்டா. மகொமேரோ என்ற தோட்டம் லிவிங்ஸ்டனின் மருமகன் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்களிடம் ஒன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. 1915 ஜனவரியில் ஜோன் சிலெம்ப்வே என்ற மலாவிப் போதகர் இதற்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார். சில நாட்களில் கிளர்ச்சி அடக்கப்பட்டது. அவரும் கொல்லப்பட்டார். இன்று மலாவியின் பணத்தாளில் அவருடைய முகம் இருக்கிறது.

மலாவி 1964 இல் சுதந்திரம் பெற்றது. அதன் முதல் தலைவர் ஹேஸ்டிங்ஸ் பண்டா எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். உறவு அறுந்துபோகவில்லை. 2005 நவம்பரில் ஸ்கொட்லாந்தின் முதலமைச்சர் ஜாக் மக்கொனலும் மலாவி ஜனாதிபதி பிங்கு வா முத்தாரிக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சுகாதாரம், கல்வி, நல்லாட்சி, பொருளாதார வளர்ச்சி என்று அதில் நான்கு துறைகள். ஸ்கொட்லாந்தின் உதவி நிதி வருடத்துக்கு 3 மில்லியன் பவுண்ட்ஸில் தொடங்கி, 2017 அளவில் 10 மில்லியன் ஆனது. அப்போது மற்ற நாடுகளும் அதில் சேர்ந்திருந்தன. லண்டன் கொடுக்கும் உதவியோடு பார்த்தால் இது மிகச் சிறிய தொகை.

நான்காவது துறையான பொருளாதார வளர்ச்சியைத்தான் நாங்கள் கவனிக்கவேண்டும். அங்கேதான் உதவியும் வியாபாரமும் மறுபடி கைகோர்க்கின்றன. அது தப்பா? தப்பாகப் போன உதாரணம் ஒன்று உண்டு. மலேசியாவில் பெர்காவ் அணைக்கட்டுக்குப் பிரித்தானியா 234 மில்லியன் பவுண்ட்ஸ் உதவி கொடுத்தது. அது ஆயுத விற்பனையோடு பின்னப்பட்டிருந்தது பிறகு வெளியே வந்தது. 1994 இல் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த உதவி சட்டப்படி சரியில்லை என்று தீர்ப்பளித்தது. 2002 இல் வந்த புதிய சட்டம், பிரித்தானிய அரசின் அபிவிருத்தி உதவி வறுமையைக் குறைக்கவே கொடுக்கப்படவேண்டும் என்றது.

வேறு மாதிரியும் நடக்கலாம். மலாவியின் வடக்கில், கரோங்காவில், கிலொம்பெரோ என்ற வாசமான அரிசி விளைகிறது. பெய்ஸ்லியில் இருந்த ஒரு நியாய வணிக அமைப்பு அதை வாங்கி இங்கே விற்றது. 90 கிலோ விற்றால் ஒரு விவசாயி தன் பிள்ளையை ஒரு வருடம் இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்பது அப்போது அவர்களின் கணக்கு. இங்கே பள்ளி மாணவர்களே அந்த 90 கிலோவை விற்றுக் கொடுத்தார்கள்.

தந்தமும் வியாபாரம், அரிசியும் வியாபாரம். நிலம் யாருடையது, விலையை யார் தீர்மானிக்கிறார், இலாபம் எந்த ஊரில் தங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். அதனால் உதவியோடு வியாபாரம் வந்தாலே கெட்டது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் விடுவதில்லை.

நீங்கள் கனடாவிலோ ஜேர்மனியிலோ இருந்தாலும் இது உங்களுக்கும் பொருந்தும். கியூபெக், நோர்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா போன்ற மாநிலங்களும் தங்கள் பெயரில் வெளிநாடுகளுக்கு உதவி செய்கின்றன. உங்கள் மாநில அரசு எந்த நாட்டுக்குக் கொடுக்கிறது என்று தேடிப் பாருங்கள். அது உங்கள் வீட்டு வரிப் பணம். ஊரில் தோட்டமோ தொழிற்சாலையோ தொடங்கலாம் என்று நாளை யாராவது எங்களிடமே காசு கேட்டு வந்தால், அங்கேயும் இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.