குசினி மேடையில் ஒரு மின்குதை

மருமகனின் வீட்டுக் குசினியின் நடுவே கருங்கல் பதித்த அகன்ற மேடை ஒன்று நிற்கிறது. அமெரிக்காவில் அதனைத் தீவு என்கிறார்கள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடல் கடந்து போய்வந்த எனக்கு, நான்கு புறமும் தரையால் சூழப்பட்ட அந்தத் தீவு வேடிக்கையாகவே இருந்தது. 2024 ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் நான் அங்கு தங்கியிருந்தபோது, அந்த மேடையின் கல்லில் வட்டமாகத் துளையிட்டு ஒரு மின்குதையைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். மூடியை அழுத்தினால் சிறு கோபுரம்போல் மேலெழும். வேலை முடிந்ததும் மீண்டும் அழுத்திவிட்டால் கல்லோடு கல்லாகப் படிந்துவிடும். வசதி படைத்தவர்களின் விளையாட்டுப் பொருள் என்றே முதலில் எண்ணினேன்.

மருமகனின் இளைய மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுடைய இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி நிறம் மாறியிருந்தது. முந்திய ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், மேடையின் பக்கப் பலகையில் இருந்த குதையில் செருகிய கேத்திலின் வயர் வளைந்து தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. குழந்தை அதனைப் பிடித்து இழுத்துவிட்டது. தேநீருக்காகக் கொதித்த நீர் அவளுடைய கையில் கொட்டியது. “நான் விரும்பி அங்கை வைக்கேல்லை மாமா. தீவுக்கு ஒரு பிளக் பொயின்ற் கட்டாயம் வேணும் என்று சட்டம் சொன்னது. பக்கத்திலை வைக்கிறது எல்லாரும் செய்யிறதுதான்” என்றார் மருமகன். அந்த ஒரு வாக்கியத்தின் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு இருப்பதைத் தேடிப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

மின்சாரம் வீடுகளுக்குள் விளக்குக்காகவே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் சுவரில் குதைகள் இருப்பது அரிது. ஸ்திரிக்கைப் பெட்டியையோ ரோஸ்ரரையோ பயன்படுத்த விரும்பியவர்கள், மின்குமிழைக் கழற்றிவிட்டு அந்தப் பிடியிலேயே வயரை முறுக்கி மாட்டினார்கள். கூரையிலிருந்து வயர் மேசைக்கு இறங்கிவந்தது. கனெற்றிக்கட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரைச் சேர்ந்த ஹார்வி ஹப்பெல், இழுத்தால் கழன்றுவரும் செருகிக்கு 1904 இல் காப்புரிமை பெற்றார். அதுவும் விளக்குப் பிடியில் மாட்டுவதற்கெனவே செய்யப்பட்டது. குதை சுவருக்கு வந்தது அதன் பின்னரே. இன்று கல்லிலிருந்து மேலெழும் குதைகளைச் செய்வோரில் ஹப்பெலின் பெயரைத் தாங்கிய நிறுவனமும் ஒன்று.

குதையைச் செய்தவர்கள் குழந்தையின் கையை எப்போது எண்ணிப்பார்த்தார்கள்? பிரித்தானியாவில் அதற்கான பதில் தெளிவாகவே இருக்கிறது. போருக்குப் பிந்திய வீடுகளின் மின்னமைப்பை ஆராய அமைக்கப்பட்ட இருபது பேர் கொண்ட குழுவில் ஒரேயொரு பெண் இருந்தார். அவர் கரோலின் ஹஸ்லெற். 1924 இல் தொடங்கப்பட்ட மின்சாரப் பெண்கள் சங்கத்தின் தலைமைப் பணிப்பாளர். குழுவின் அறிக்கை 1944 இல் வெளியானது. 1947 இல் வந்த 13 அம்பியர் நியமத்தில், நிலமுனை உள்ளே போனாலன்றித் திறவாத மூடிகள் குதையின் துளைகளுக்கு இடப்பட்டன. குழந்தைகளின் விரலும் அவர்கள் கையில் அகப்படும் கம்பியும் மின்னோட்டத்தைத் தொடாதிருப்பதற்கான ஏற்பாடு அது. இலங்கையில் எங்கள் வீடுகளிலும் இந்தச் சதுர முனைக் குதைகள் உண்டு. இருமுனைச் செருகியை நுழைப்பதற்காக, போல்பொயின்ற் பேனையால் அந்த மூடியைக் குத்தித் திறப்பதற்கு எங்களில் யார்தான் பழகியிருக்கவில்லை!

அமெரிக்கர்கள் வேறு வழியில் சென்றார்கள். அவர்களுடைய தேசிய மின்விதிக்கோவை 1897 இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அது அந்தந்த மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்டால் மட்டுமே சட்டமாகும். மின்னதிர்ச்சியால் உடலுக்கு நேர்வனவற்றை ஆராய்ந்த பேர்க்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல், மின்கசிவை உணர்ந்து ஓட்டத்தை நொடிப்பொழுதில் துண்டிக்கும் கருவியை 1961 இல் உருவாக்கினார். ஓர் அம்பியரின் ஆயிரத்தில் ஐந்து பங்கு கசிந்தாலே அது விழித்துக்கொள்ளும். அமெரிக்கக் குளியலறைகளுக்கு 1975 இலும், குசினிகளுக்கு 1987 இலும் விதிக்கோவை இக்கருவியைக் கட்டாயமாக்கியது. எத்தனையோ உயிர்களைக் காத்த கருவி. ஆனால் வெந்நீரை அது அறியாது.

விதிகளை எழுதியவர்களின் மனத்தில் இரண்டு பகைவர்களே இருந்தார்கள்: ஒன்று அதிர்ச்சி, மற்றையது தீ. நீண்ட வயர் மிதிபடும், தேயும், தீப்பற்றும். ஆகவே சமையல் உபகரணங்களுக்கு இரண்டடி அளவிலான குட்டை வயரே போதும் என்றார்கள். குட்டை வயர் எட்டவேண்டுமெனில் குதைகள் நெருக்கமாக இருக்கவேண்டும். சுவரோரச் சமையல் மேடையின் எந்தப் புள்ளியும் குதையிலிருந்து 24 அங்குலத்துக்கு அப்பால் இருக்கலாகாது என்ற விதியின் கணக்கு இதுவே. 1990 இன் விதிக்கோவை நடுமேடைகளுக்கும் குதை வேண்டும் என்றது. அதற்கும் நல்ல காரணம் இருந்தது. இல்லாவிட்டால் சுவரிலிருந்து நடைபாதையின் குறுக்கே வயரை இழுப்பார்கள்.

ஆனால் நடுமேடைக்குச் சுவர் ஏது? வெறும் குதையைக் கல்லின் மேல் வானம் பார்த்து வைக்க முடியாது. சிந்தும் பாலும் ரசமும் அதற்குள் இறங்கும். ஆகவே மேற்பரப்புக்குக் கீழே 12 அங்குலத்துக்குள் பக்கப் பலகையில் வைக்க இடமளித்தார்கள். மேடையின் வழமையான உயரம் 36 அங்குலம். 12 ஐக் கழித்துப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டடி! நடைபழகும் குழந்தையின் கை எட்டும் உயரத்தில், கொதிக்கும் பாத்திரத்தின் வயரைத் தொங்கவிட்டிருந்தது நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு விதி.

அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழுவின் தரவுகளின்படி, 1991 முதல் 2020 வரை இத்தகைய மேடைகளின் கீழ்ப்பக்கக் குதைகளிலிருந்து தொங்கிய வயரை இழுத்தோ அதில் மோதியோ, தீக்காயங்களும் பிற காயங்களும் அடைந்து அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தோர் ஏறத்தாழ 9,700 பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் பலர் குழந்தைகள். நான் பல ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன். ஒரு குழந்தையின் கையில் வெந்நீர் கொட்டினால் அது செய்தியாகாது என்பதை அறிவேன். மின்சார விபத்துகளின் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. ஏனெனில் சுட்டது நீர், மின்சாரம் அன்று. முப்பது ஆண்டுகள் இந்த எண்ணிக்கை ஒருவர் கண்ணிலும் படாமற்போனதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

2023 இன் விதிக்கோவை பக்கக் குதையைத் தடுத்துவிட்டது. நடுமேடையில் குதை வைப்பதாயின் மேற்பரப்பிலோ அதற்கு மேலேயோ வைக்கவேண்டும். வைக்க விரும்பாவிட்டால், பின்னாளில் வைக்கக்கூடியவாறு ஏற்பாடு செய்துவிட்டாற் போதும். இந்தப் பிற்பகுதி எனக்கு உவப்பாக இல்லை. குதையே இல்லாத மேடைக்கு மீண்டும் நடைபாதையின் குறுக்கே நீட்சி வயரைத்தான் இழுப்பார்கள். 1990 இல் அஞ்சியதும் அதற்குத்தானே?

மேலெழும் குதை இந்த இக்கட்டிலிருந்து பிறந்த பொருள். மருமகன் முதலில் இணையத்தில் மலிவாக ஒன்றை வாங்கியிருந்தார். வந்த மின்பணியாளர் பெட்டியைப் பார்த்ததுமே தலையசைத்துவிட்டார். அது அலுவலக மேசைகளுக்கானது. வயரோடு வந்து வேறொரு குதையில் செருகப்படுவது. குசினி மேடைக்கானது நீர் சிந்திப் பரிசோதிக்கப்பட்டு, அதற்கெனச் சான்று பெற்றிருக்கவேண்டும். இரண்டாவது பெட்டி வந்தபின் வைரமுனைத் துளைகருவியால் கல்லைக் குடைந்தார்கள். நீர் ஊற்றி ஊற்றிக் குடைந்தும் வீடெங்கும் வெண்சேறு. கீழேயிருந்த இழுப்பறை ஒன்றை அகற்றவேண்டியதாயிற்று. கரண்டிகள் இருந்த இழுப்பறை என்பதால் மருமகளுக்கு மனவருத்தம். பின்னர் துளையைச் சுற்றி இறப்பர் வளையம் இட்டு, நிலையான வயரால் இணைத்து, டால்சியலின் கருவி வழியே மின்னோட்டம் கொடுத்தார்கள்.

மேலே வைத்ததால் மட்டும் வயர் விளிம்பைத் தாண்டித் தொங்காது என்பதில்லை. மருமகள் கேத்திலை மேடையின் நடுவில் வைத்து, எஞ்சிய வயரைச் சுருட்டி நூலால் கட்டிவிட்டார். பக்கப் பலகையின் பழைய குதையைக் கழற்றி, வெறும் மூடி போட்டு அடைத்திருந்தார்கள். நான் புறப்படும் நாளில் அந்த மூடியின் மேல் சின்னவள் பூனைப்படம் ஒன்றை ஒட்டியிருந்தாள்.