நாலாயிரம் சுருட்டு, ஒரே ஒரு ஆளோட கை

சுருட்டுக்கு நூற்றுக்கு இத்தனை மார்க்குன்னு போடுறது காலங்காலமா இருக்கிற வழக்கம்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இல்லீங்க. 1992-ல் மார்வின் ஷாங்கன் என்ற அமெரிக்கப் பதிப்பாளர் 'சிகார் அஃபிஷியனாடோ' என்ற பத்திரிகையை ஆரம்பிச்சார். அவரோட இன்னொரு பத்திரிகை ஒயினுக்கு நூறு மார்க் கணக்கில் மதிப்பெண் போட்டுக்கிட்டு இருந்தது. அதையே இங்கேயும் கொண்டுவந்துட்டார். தோற்றத்துக்கு 15, சுவைக்கு 25, புகையும் விதத்துக்கு 25, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 35. எந்தச் சுருட்டுன்னு தெரியாம, பட்டையை மறைச்சுட்டு குடிச்சுப் பார்க்கணும். நியாயமாத்தான் இருக்கு. ஆனா அந்த 35-ஐ கொஞ்சம் கவனிங்க. அதான் பெரிய பங்கே :-)

அந்தப் பத்திரிகையோட முதல் இதழில் கென்னடியின் பத்திரிகைச் செயலாளரா இருந்த பியர் சாலிஞ்சர் ஒரு கதை எழுதினார். 1962 பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம் கென்னடி கூப்பிட்டு, நாளைக் காலைக்குள்ள எனக்கு ஆயிரம் பெத்தி உப்மான் வேணும்னாராம். சாலிஞ்சர் அலைஞ்சு திரிஞ்சு 1200 தேத்திட்டார். காலையில் அதைக் கேட்டதும், கென்னடி மேசை இழுப்பறையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கியூபா சரக்குக்கான தடை உத்தரவு! தனக்கு வேண்டியதை ஒதுக்கி வெச்சுட்டு ஊருக்குப் பூட்டு. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான், அமெரிக்கக்காரனுக்கு 'கிடைக்காத ஹவானா' மேல இருக்கிற மோகம்.

இதே அறுபதுகளில்தான் கோஹிபா பிறக்குது. காஸ்ட்ரோவோட மெய்க்காவலர் ஒருத்தர் குடிச்ச சுருட்டோட வாசனை காஸ்ட்ரோவுக்குப் பிடிச்சுப் போச்சு. யார் சுருட்டினதுன்னு விசாரிச்சா எடுவார்டோ ரிவேரா என்ற தொழிலாளி. அவரை வெச்சு ஹவானாவில் எல் லகீத்தோ என்ற பழைய பணக்கார மாளிகையில் பட்டறை போட்டாங்க. ஆரம்பத்தில் அங்கே சுருட்டினவங்க எல்லாரும் பெண்கள். இந்த இடம் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. பழைய ஹவானா பட்டறைகளில் பெண்களுக்குப் பெரும்பாலும் இலை நரம்பு உரிக்கிறது, தரம் பிரிக்கிறதுதான் வேலை. சுருட்டும் மேசை ஆம்பளைங்களோடது. கோஹிபா 1982 வரைக்கும் கடைக்கே வரலை, ராஜாங்க விருந்தாளிகளுக்குப் பரிசா மட்டும் போச்சு. (கொடுத்த காஸ்ட்ரோ 1985-ல் புகைக்கிறதையே விட்டுட்டார், அது வேற விஷயம்.)

2000-ல் 'எடிசியோன் லிமிட்டாடா' வந்தது. கறுத்த மேலிலையை ரெண்டு வருஷமாவது பழக வெச்சு, வழக்கமான பட்டைக்குக் கீழே இன்னொரு பட்டை சுத்தி, அதில் வருஷத்தைப் போட்டு விப்பாங்க. அடுத்த வருஷம் வேற அளவு. தமிழ்ல சொல்லணும்னா 'முந்துபவர்களுக்கே' சரக்கு. இதில் ஒண்ணு, ஒரு மாண்டிகிரிஸ்டோ, நண்பர் புண்ணியத்தில் எனக்குக் கிடைச்சது. ரெண்டு பட்டையையும் கழட்டிட்டுத்தான் பத்த வெச்சேன். முதல் கால் பங்கு வறுத்த காப்பிக்கொட்டை, நடுவில் கருப்பட்டி காயுற மாதிரி ஒரு இனிப்பு, கடைசியில் மிளகுக் காரம். இழுவை கொஞ்சம் இறுக்கம். சாம்பல் ஒரு அங்குலம் உதிராம நின்னுது. நான் போட்ட மார்க் 88. பட்டையோட குடிச்சிருந்தா 92 போட்டிருப்பேனோ என்னமோ. (உடம்புக்குக் கெடுதல்தான், யாரும் திட்ட வராதீங்க.)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2006-ல் கோஹிபாவுக்கு 40 வயசு. அதுக்காக 'பெஹிகே'ன்னு ஒண்ணு விட்டாங்க. நூறே நூறு பெட்டி, பெட்டிக்கு 40, மொத்தம் 4000. பெட்டி விலை சுமார் 15,000 யூரோ. அந்த நாலாயிரத்தையும் சுருட்டினது ஒரே ஒரு பெண். எல் லகீத்தோவின் நோர்மா ஃபெர்னாண்டஸ்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உள்ளே எரியுறதுக்கு வோலாடோ, வாசத்துக்கு செக்கோ, காரத்துக்கு லிஹேரோன்னு இலைகளை மடிச்சு அடுக்கணும். லிஹேரோ மெதுவா எரியும், அதனால நடுவில் வரணும். ஒரு இடத்தில் அமுங்கினா புகை வராது, தளர்ந்தா சுட்டுத் தள்ளும். இதுக்கெல்லாம் அளவுகோல் கிடையாது, விரல்தான். மேலிலையை வெட்ட ஒரு பிறைக் கத்தி, அவ்வளவுதான் கருவி. இதை நாலாயிரம் தடவை, ஒரே மாதிரி! லிமிட்டாடா பட்டையில் இருக்கிற 'குறைந்த அளவு' வியாபாரி போட்ட கோடு. நோர்மாவோட நாலாயிரம் அப்படி இல்லை, ஒரு மனுஷியோட கையால் ஆகிற அளவு. என்னைக் கேட்டா இந்த ரெண்டையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது.

2010-ல் பெஹிகே மறுபடி வந்தது, இந்தத் தடவை தொடர்ச்சியான தயாரிப்பா. இதுக்கும் ஒரு எல்லை இருந்தது, ஆனா கையோடது இல்லை, செடியோடது. உச்சியில் 'மீடியோ தியெம்போ'ன்னு ரெண்டு சின்ன இலை வரும், எல்லாச் செடியிலும் வராது. அது சேர்த்தாதான் இந்தப் பெஹிகே. அதில் பிஹெச்கே 52 என்ற அளவுக்கு ஷாங்கன் பத்திரிகை 97 மார்க் போட்டு, 2010-ன் சிறந்த சுருட்டுன்னு அறிவிச்சது.

கியூபா சுருட்டுப் பெட்டி எங்கேயாவது கையில் கிடைச்சா திருப்பிப் பாருங்க. அடியில் எந்த மாசம், எந்த வருஷம் அடைச்சாங்கன்னு முத்திரை இருக்கும். எந்தப் பட்டறைன்னு ரகசியக் குறியீடா சில எழுத்து இருக்கும். சுருட்டினவங்க பேர் இருக்காது.