கழற்றுவது எப்படி?

1957-இல் இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் காரின் விலை 1,036 பவுண்டு. அதே காரை உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் வாங்கினால் 536 பவுண்டு. இரண்டிலும் ஒரே எஞ்சின், ஒரே சக்கரம், ஒரே அலுமினியத் தகடு. ஸ்பானரை யார் பிடிப்பது என்பதில்தான் வித்தியாசம்.

அந்த 1,036-இல் 347 பவுண்டு கொள்முதல் வரி. இரண்டாம் உலகப் போரின் நடுவே 1940-இல் வந்த வரி அது. போர் முடிந்து பல ஆண்டுகளாகியும் போகவில்லை. (வரிகளின் குணம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.) முழுக் காராக விற்றால் வரி உண்டு, பாகங்களாக விற்றால் இல்லை. மீதி வித்தியாசமான 153 பவுண்டைச் சேர்க்கும் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஓட்டை வழியாக எல்லோரும் புகுந்துவிடக் கூடாதே என்று ஒரு நிபந்தனையும் இருந்தது: பாகங்களோடு, அவற்றைச் சேர்க்கும் முறையை விளக்கும் குறிப்பு எதுவும் தரக் கூடாது.

லோட்டஸ் கம்பெனியின் முதலாளி காலின் சாப்மன் அந்த விதியை நிதானமாகப் படித்திருக்க வேண்டும். சேர்ப்பதற்குத்தானே குறிப்பு கூடாது? கழற்றுவதற்கு? அதைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. ஆகவே காரை எப்படிப் பிரித்துப் போடுவது என்ற விளக்கம் பெட்டியோடு போனது. வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டே போனால், முதல் வரிக்கு வரும்போது வாசலில் ஒரு கார் நிற்கும்.

கார் பைத்தியங்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை இது. எனக்கு இதில் சிரிப்பைவிட வேறொன்று தெரிகிறது. செவன் ஏன் அந்த உருவத்தில் பிறந்தது, ஏன் இன்னும் சாகவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் விடை அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

சாப்மனுக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு அதற்குப் பத்து வருஷம் முன்பே தொடங்கிவிட்டது, அதுவும் ஓர் அடி வாங்கி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த அவர், பக்கத்தில் பழைய கார் வாங்கி விற்கும் சின்ன வியாபாரமும் செய்துவந்தார். 1947 கடைசியில் அரசு, சொந்தக் காருக்குக் கொடுத்துவந்த அடிப்படைப் பெட்ரோல் ரேஷனை நிறுத்தியது. பெட்ரோல் இல்லாத ஊரில் பழைய காரை யார் வாங்குவார்? கையிலிருந்ததையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளினார். எவரும் சீண்டாத ஒரு கார் மட்டும் மிஞ்சியது: ஒரு பழைய ஆஸ்டின் செவன்.

காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் அதன் பாடியைப் பிய்த்தெறிந்துவிட்டு, விமானம் கட்டும் பாணியில் ஒட்டுப்பலகையையும் அலுமினியத்தையும் வைத்து வேறொரு பாடி கட்டினார். அதுதான் முதல் லோட்டஸ். பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் உலகப் பட்டங்களை அள்ளிய கம்பெனிக்கு விதை, விற்காமல் தேங்கிய ஒரு சரக்கு. 1952 ஜனவரி முதல் தேதி கம்பெனி முறையாகத் தொடங்கியபோது போட்ட முதல், ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுண்டு. இடம், வடக்கு லண்டன் ஹார்ன்சியில் அப்பா நடத்திய ரயில்வே ஹோட்டலின் பின்னாலிருந்த பழைய குதிரை லாயம்.

விதியைப் படிப்பதில் அவருக்கிருந்த ருசி பந்தயத்திலும் தெரிந்தது. 1951-இல், ஆஸ்டின் செவன் எஞ்சினை வைத்து ஓடும் பந்தய வகுப்பு ஒன்றில் கலந்துகொண்டார். அந்த எஞ்சினில் இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒரே காற்றுவழி. பக்கத்துச் சிலிண்டர் இழுக்கும் மூச்சை இது பறிக்கும், இதன் மூச்சை அது பறிக்கும். சாப்மன் அந்த வழிக்குள் நடுவே ஒரு தடுப்பை வைத்து ஒன்றை இரண்டாக்கிவிட்டார். வைக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. அந்த வருஷம் மற்றவர்கள் அவருடைய காரின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்தார்கள். அடுத்த வருஷத்துக்குள், வைக்கக் கூடாது என்று விதியே எழுதிவிட்டார்கள்.

1952-இல் வந்த மார்க் சிக்ஸ் அவர் விற்பனைக்கென்றே செய்த முதல் மாடல். வெற்றுச் சட்டத்தை வாங்கிப்போய், ஃபோர்டு பாகங்களை நீங்களே தேடி மாட்டிக்கொள்ளுங்கள் என்ற வகை. அதற்கடுத்து எட்டு, ஒன்பது, பதினொன்று என்று மாடல் எண்கள் ஏறின; ஏழு மட்டும் விடுபட்டுக் கிடந்தது. அந்த எண்ணை ஒதுக்கியிருந்த பந்தயக் கார் லோட்டஸ் பெயரில் முடியவே இல்லை. 1957-இல் மார்க் சிக்ஸுக்கு வாரிசாக வந்த எளிய காருக்கு அந்தக் காலி எண்ணைச் சூட்டினார். பதினொன்றுக்குப் பிறகு பிறந்த ஏழு!

அதே வருஷம் லண்டன் கார் கண்காட்சியில் எல்லோர் கண்ணும் லோட்டஸ் எலீட் மேல். முழுக்க ஃபைபரில் வார்த்த அழகி. சாப்மனின் மனசும் அங்கேதான் இருந்தது. ஆனால் எலீட் விற்க விற்க நஷ்டம். அடுப்பு எரிய வைத்தது செவன்.

அதன் உடம்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த சட்டம். அதன்மேல் அலுமினியத் தகடுகள். தகடு போர்வையாக மட்டும் இல்லை. ரிவெட் அடித்து இறுக்கியதால் தரையும் பக்கமும் சட்டத்தோடு சேர்ந்து பாரம் தாங்கும். தகடுகளில் பெரும்பாலானவை ஒரே திசையில் வளைத்தவை. பாயைச் சுருட்டுகிறோம் அல்லவா, அந்தக் கணக்கு. பானை போல எல்லாப் பக்கமும் குழிய வேண்டியவை மூக்கும் மட்கார்டுகளும்தான். அவற்றைக் கைதேர்ந்த தகட்டுக்காரர் சுத்தியால் தட்டித் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. 1960-இல் வந்த இரண்டாம் வரிசையில் அந்தச் செலவும் மிச்சம்: மூக்கும் மட்கார்டுகளும் ஃபைபராயின. கதவு இல்லை. கூரை என்று சொல்ல ஒரு துணி.

எஞ்சின் ஃபோர்டு குடும்பக் காரிலிருந்து வந்த 1,172 சிசி, 40 குதிரைச் சக்தி. பின் ஆக்சில் வேறொரு கம்பெனியின் சின்னக் காருடையது. இரண்டாம் வரிசையின் ஸ்டியரிங் டிரையம்ஃப் ஹெரால்டுடையது. பல வீட்டுப் பாத்திரங்களை வாங்கிச் சமைத்த விருந்து. எடை சுமார் 500 கிலோ. நமக்குத் தெரிந்த மாருதி 800 ஏறக்குறைய 650 கிலோ, சக்தி 37. சக்தியில் கிட்டத்தட்ட நம் மாருதிதான். ஆனால் தூக்கிச் சுமக்க 150 கிலோ குறைவு. அதோடு ஓட்டுபவரின் இடுப்பு ஏறக்குறைய பின் ஆக்சில் மேலேயே உட்கார்ந்திருக்கும். வளைவில் கார் என்ன செய்கிறது என்று முதலில் அறிவது அந்த இடுப்புதான்.

இந்த உருவத்தை அழகுக்காக யாரும் வரையவில்லை. ஒரு குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை, தன் ஷெட்டில், தன் இரண்டு கையால் செய்து முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட காரில் ஒளித்துவைக்க எதுவும் இருக்க முடியாது. மறையின் தலை எதுவானாலும் கைக்கு எட்டியாக வேண்டும்.

செவன் கட்டியவர்களுக்கு நேர்ந்தவை ஊருக்கு ஊர் வேறுபடவில்லை. எஞ்சினையும் கியர்பாக்சையும் ஒன்றாக மாட்டி, சங்கிலியில் தொங்கவிட்டு, மூக்கு மேலே வால் கீழே என்று சாய்த்துக் குழாய்ச் சட்டத்துக்குள் இறக்க வேண்டும். விரல்கடை இடம்தான் இருக்கும். புதுப் பெயின்டில் முதல் கீறல் விழுவது இங்கே. பிரேக்கில் ஏர் எடுக்க ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். இந்த வேலைக்காகவே அண்டை வீட்டாரோடு சமாதானம் ஆனவர்கள் உண்டு என்றால் நம்புவேன். எல்லாம் முடிந்து பார்த்தால் டப்பாவில் இரண்டு நட்டு மிச்சம். நம் ஊரில் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிய எவருக்கும் அந்த இரண்டு நட்டின் கலக்கம் தெரியும். கழற்றும் குறிப்பைத் தலைகீழாகப் படித்தவருக்கு அது எந்த வரியில் விட்டது என்று கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

வைத்துக் காப்பதும் லேசில்லை. இரும்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்துப்போகத் தொடங்கும். மழைக்குப் பேர்போன நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. வயிறு தரையோடு ஒட்டி ஓடுவதால் வேகத்தடையைக் கண்டால் ஆயில் சம்ப்புக்கு ஆபத்து. சைலன்சர் உடம்பின் வெளிப்பக்கமாகவே போகும். இறங்கும்போது காலை அகட்டி வைக்கத் தவறினால் கெண்டைக்காலில் சூடு. பெடல்கள் மூன்றும் அவ்வளவு நெருக்கம், தடித்த பூட்ஸ் போட்டால் ஒரே மிதியில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்ந்து அழுந்தும். மெல்லிய செருப்பு மாதிரி ஒரு ஷூவை இதற்கென்றே வைத்திருப்பார்கள்.

இரண்டாம் வரிசையின் பின் ஆக்சிலில் ஒரு நோய் இருந்தது. ஆக்சிலைப் பிடித்துவைக்க, ஏ எழுத்து வடிவில் ஒரு தாங்கியை டிஃபரென்ஷியல் கூட்டின் அடியில் ஒரே ரப்பர் புஷ்ஷில் கோத்திருந்தார்கள். சின்னக் குடும்பக் காருக்கான அந்தக் கூடு, பந்தய ஓட்டத்தின் முறுக்கைத் தாங்காமல் நெளியும். நெளிந்தால் ஆயில் கசியும். கசிந்த ஆயில் எங்கே சொட்டும்? நேரே அடியிலிருக்கும் ரப்பர் புஷ் மேல். ஆயிலில் ஊறிய ரப்பர் கொழகொழத்துப் போக, வளைவில் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஸ்டியரிங் பிடிக்கும். கூட்டுக்கு வலுத்தகடு பற்றவைத்தல், புஷ்ஷை அடிக்கடி மாற்றுதல் என்று தங்கள் கையாலேயே வைத்தியம் கண்டார்கள். அந்தக் கையால் கட்டிய கார், அந்தக் கையாலேயே திருத்தம் பெற்றது. செவனில் மாற்றம் செய்யும் மரபு ஆடம்பரத்தில் தொடங்கவில்லை, இப்படிப்பட்ட கசிவுகளில் தொடங்கியது.

1967-இல் ‘தி பிரிசனர்’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் பேட்ரிக் மெக்கூகன் ஒரு செவனை ஓட்டிவர, பெயர் வீடுதோறும் போனது. ஆனால் சாப்மனுக்கு அது அலுத்துவிட்டது. அவர் உயர்ந்த விலைக் கார்களின் பக்கம் போய்க்கொண்டிருந்தார். 1970-இல் நான்காம் வரிசை என்று ஃபைபர் பாடி போட்டு ஒன்று வந்தது. பழைய ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. படம் பார்த்தால் எனக்கும் பிடிக்கவில்லை. 1973 ஏப்ரலில் கொள்முதல் வரி ஒழிந்து மதிப்புக் கூட்டு வரி வந்தது. பாகமானாலும் முழுக் காரானாலும் வரி. எந்த ஓட்டையின் பலத்தில் செவன் நின்றதோ, அது அடைபட்டது. சாப்மன் கையைக் கழுவினார்.

நியாயப்படி கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். சர்ரே மாவட்டத்தில் கேட்டரம் என்ற ஊரில் செவன் விற்றுவந்த கிரஹாம் நேர்ன் (‘தி பிரிசனர்’ கடைசிப் பகுதியில் காரை ஒப்படைக்க வரும் மெக்கானிக் அவரே) அந்த வருஷமே தயாரிக்கும் உரிமையை வாங்கிக்கொண்டார். நான்காம் வரிசையைக் கொஞ்ச காலம் செய்து பார்த்துவிட்டு, 1974-இல் பழைய மூன்றாம் வரிசை உருவத்துக்கே திரும்பினார். வரிச்சலுகை இல்லாமலும் ஆட்கள் பெட்டியில்தான் கேட்டார்கள். அதுவரை காசு மிச்சம் பிடிக்கச் செய்த வேலையை, காசு கொடுத்துச் செய்ய வரிசையில் நின்றார்கள். வரி ஏமாற்றுக்காகப் பிறந்தது என்று செவனை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இந்த 1974-ஐ மறந்துவிடுகிறார்கள்.

அதன்பின் அந்த எலும்புக்கூட்டில் எத்தனையோ எஞ்சின்கள் ஏறி இறங்கின. 300 குதிரைச் சக்தியைத் தாண்டியதும் உண்டு. சுசூகியின் 660 சிசி எஞ்சினோடு சுமார் 440 கிலோவில் ஓடுவதும் உண்டு. நான்கு சக்கரத்தடியிலும் நான்கு தராசு வைத்து, ஓட்டுநர் எடைக்கு மணல் மூட்டையை இருக்கையில் வைத்து, ஸ்பிரிங் உயரத்தை நூல் நூலாகத் திருகி பாரத்தைச் சமன் செய்வது இவர்களின் தவம். இத்தனை செலவு செய்து கார்பன் ஃபைபரில் ஐந்து கிலோ குறைப்பவர், காலை உணவில் கொஞ்சம் குறைத்திருந்தாலே போதும் என்று அவரவர் வீட்டார் சொல்லாமலா இருப்பார்கள்?

உருவம் எளிது என்பதால் திருட்டும் எளிது. தென்னாப்பிரிக்காவிலும் நெதர்லாந்திலும் இங்கிலாந்திலேயே பக்கத்துத் தெருவிலும் செவன் சாயலில் கார்கள் பிறந்தன, வழக்குகளும் பிறந்தன. 1996-இல் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைப் பிரித்து, குழாய் வாங்கிச் சட்டத்தையே நீங்களாகப் பற்றவைத்து, 250 பவுண்டிலிருந்து ஒரு பந்தயக் கார் கட்டலாம் என்று புத்தகம் எழுத, கம்பெனிப் பெட்டியே தேவையில்லை என்று ஆகிவிட்டது.

கேட்டரம் கம்பெனி இப்போது ஜப்பானியர் கையில். இங்கிலாந்தில் செவனை இன்றும் பெட்டிகளில் வாங்கலாம். கட்டி முடித்ததும் அரசுப் பரிசோதகரிடம் கொண்டுபோய்த் தேற வேண்டும். பெட்டியோடு ஒரு தடித்த கையேடும் வருகிறது. இப்போது அது சேர்க்கும் முறையைத்தான் சொல்கிறது, முதல் பக்கத்திலிருந்து.