இருளின் இளவரசன் மீதான வழக்கு

பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கிளம்ப மறுக்கும்போது அதன் உரிமையாளர் முதலில் பழிக்கும் பெயர் லூகாஸ். பர்மிங்காமில் ஜோசப் லூகாஸ் தொடங்கிய நிறுவனத்தின் மின்சாதனங்களே இங்கிலாந்துக் கார்களில் பெரும்பாலானவற்றில் இடம்பெற்றிருந்தன. கார் ஆர்வலர்கள் அவருக்குச் சூட்டிய பட்டம் 'இருளின் இளவரசன்'. லூகாஸ் விளக்கின் சுவிட்சுக்கு அணைதல், மங்குதல், மினுக்குதல் என மூன்றே நிலைகள்தாம் என்றொரு வேடிக்கைப் பேச்சும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மண்ணெண்ணெய் விற்று, விளக்குகள் செய்து முன்னேறிய மனிதருக்கு இப்படியொரு பட்டம் வாய்த்தது விந்தைதான். அவர் 1902லேயே மறைந்துவிட்டார். இன்று அவர் பெயரைச் சொல்லித் திட்டப்படும் கார்களில் ஒன்றுகூட அன்று பிறந்திருக்கவில்லை.

இந்தத் தீர்ப்பு நியாயமானதா? கேள்வி வெறும் சுவைக்காக எழுப்பப்படுவதன்று. குற்றவாளி யாரென்று முன்கூட்டியே முடிவு செய்தவர், வண்டி நின்றவுடன் செல்ஃப் மோட்டாரை மாற்றுகிறார். பிறகு காயிலை, பிறகு டிஸ்டிரிபியூட்டரை. நல்ல நிலையிலிருந்த மூலப் பாகங்கள் குப்பைக்குப் போகின்றன. வண்டியோ அப்போதும் கிளம்புவதில்லை. ஆகவே எம்.ஜி.பி. என்னும் ஒரே காரை எடுத்துக்கொண்டு இவ்வழக்கை விசாரிப்போம்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 அக்டோபர் வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவானது. அதன் உடன்பிறப்பு வடிவங்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டும். பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதன் 1798 சி.சி. இன்ஜின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. நம் வாசகர்களுக்கு இது முற்றிலும் அந்நியமன்று. நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். லூகாஸும் நமக்குத் தூரத்து உறவே. டி.வி.எஸ். குழுமத்துடன் அது கைகோத்துத் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்., 1961 முதல் சென்னையில் வேரூன்றியது.

இன்ஜினைக் கையால் சுழற்றிய காலத்தில், ஹாண்டில் எதிர்த்து உதைத்துக் கை முறிந்தவர்கள் பலர். அமெரிக்கரான சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்மோட்டார் 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில் இடம்பெற்று அத்தொல்லைக்கு முடிவு கட்டியது. பேட்டரி, காயில், பாயிண்ட் ஆகியவற்றைக் கொண்டு பொறி உண்டாக்கும் முறையிலும் அவர் பங்கு பெரிது. அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த எம்.ஜி.பி.யும் அடிப்படையில் அதே ஏற்பாட்டைத்தான் பின்பற்றியது. எனவே அதன் நோயறிதலும் எளிய வரிசை ஒன்றுக்கு உட்பட்டது. இன்ஜின் சுழல வேண்டும். பெட்ரோல் வர வேண்டும். உரிய நேரத்தில் பொறி விழ வேண்டும். இம்மூன்றில் தவறியது எது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, சுழற்சி. 1974 வரையிலான எம்.ஜி.பி.களில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்குப் பதிலாக 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு, இருக்கைகளுக்குப் பின்னே தரைக்கடியில் வைக்கப்பட்டன. இரண்டுக்குமாக நான்கு முனைகள். நடுவே ஓர் இணைப்புக் கம்பி. அங்கிருந்து முன்புறத்து மோட்டார்வரை நீண்ட கேபிள். கண்ணில் படாத இடம், கழுவப்படாத முனை. மின்னோட்டம் திரும்பும் வழியோ காரின் இரும்பு உடல். இன்ஜின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதை உடலோடு இணைப்பது பின்னல் பட்டை ஒன்றே. அந்த எர்த் பட்டை துருவேறினால் மின்னோட்டம் வேறு வழி தேடும். சோக் கம்பி தொட முடியாதபடி சூடேறும். இதைக் கண்ணுற்ற உரிமையாளர் லூகாஸைத் திட்டுகிறார். துருப்பிடித்ததோ இணைப்பு.

சோதனை எளிது. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு பெரிதும் மங்கி, மோட்டார் முனகினால் ஐயம் பேட்டரியிலும் முனைகளிலும். விளக்கு மங்காமல் மோட்டார் மௌனம் காத்தால் சொலினாய்டு அல்லது சுவிட்ச். மோட்டார் இயங்க முயலும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜினுக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பே குற்றவாளி.

இன்னொரு சிக்கலுக்கு வரலாறே காரணம். 1930களின் நடுவிலிருந்து இங்கிலாந்துக் கார்கள் பேட்டரியின் நேர்முனையை உடலோடு இணைத்தன. எம்.ஜி.பி.யில் இவ்வழக்கம் 1967 வரை நீடித்தது. அமெரிக்கக் கார்களோ எதிர்முனையை இணைப்பவை. அந்நாட்டுப் பழக்கத்தில் பேட்டரியையோ ரேடியோவையோ தலைகீழாகப் பொருத்தியவர்கள் பழுதை வரவழைத்துக்கொண்டார்கள். ஆகவே பழைய காரைத் தொடுமுன் அதன் எர்த் எந்த முனை என்று பார்ப்பது முதற்கடமை.

இரண்டாவது, பெட்ரோல். எம்.ஜி.பி.யின் மின்பம்பு பின்சக்கரத்தருகே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது படபடவென ஒலித்து, கார்புரேட்டர்களின் கிண்ணங்கள் நிறைந்தபின் அடங்க வேண்டும். அடங்காமல் ஒலித்தால் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ காற்றையிழுக்கிறது, கசிகிறது. ஒலியே இல்லையென்றால் அதன் உள்முனைகள் ஒட்டியிருக்கலாம், எர்த் கெட்டிருக்கலாம். பம்பை மெல்லத் தட்டினால் உயிர்பெறும் என்பது அனுபவஸ்தர்களின் கைவைத்தியம். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தப் பம்பு லூகாஸின் படைப்பன்று, எஸ்.யு. நிறுவனத்துடையது. பட்டப்பெயர் ஒருவருக்கு நிலைத்துவிட்டால் ஊரார் குற்றமெல்லாம் அவர் கணக்கில் சேர்கிறது.

மூன்றாவது, பொறி. டிஸ்டிரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அது கருகியிருந்தால் கண்டென்சரை ஐயுறலாம். காயிலிலிருந்து வரும் தடித்த கம்பியின் முனையை, மின்காப்புள்ள இடுக்கியால் பிடித்து, இன்ஜின் இரும்புக்குச் சற்றே விலக்கி வைத்துச் சுழற்றினால் நீலப் பொறி தாவ வேண்டும். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் இச்சோதனை கூடவே கூடாது. பொறி இங்கே வந்து பிளக்கில் வரவில்லையென்றால் மூடியையும் ரோட்டாரையும் பார்க்க வேண்டும்.

லூகாஸ் முற்றிலும் நிரபராதி என்று நாம் வாதாடவில்லை. 1975 முதல் அமெரிக்கச் சந்தைக்கான எம்.ஜி.பி.களில் பாயிண்டை நீக்கி அது வழங்கிய 'ஓபஸ்' மின்னணுப் பொறியமைப்பு அடிக்கடி பழுதாகி அவப்பெயர் பெற்றது. பழைய முறையில் முனையைத் தேய்த்துச் சரிசெய்து ஊர்போய்ச் சேரலாம். இதில் அது இயலாது. ஆனால் பேட்டரியை எங்கே ஒளித்துவைப்பது, எத்தனை ஃபியூஸ் போதும் என்பதெல்லாம் காரை வடிவமைத்தவர்களின் முடிவுகள். தொடக்கால எம்.ஜி.பி. முழுமைக்கும் பயன்பாட்டில் இரண்டே ஃபியூஸ்கள்! துருவை வளர்த்தது மழையும் பராமரிப்பின்மையும்.

காலமும் புதிய குற்றவாளிகளைச் சேர்த்துள்ளது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமான ரகமாயிற்று. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். மாதக்கணக்கில் நின்ற கார் கிளம்பவில்லையென்றால் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை முகர்ந்து பார்ப்பது இன்று இன்னும் அவசியம்.

ஆக, வழக்கின் முடிவென்ன? கிளம்பாத காரில் பெரும்பாலும் குற்றம் பாகங்களில் இருப்பதில்லை. பாகங்கள் சந்திக்கும் இடங்களில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டா; மின்னோட்டம் செல்லும் வழியிலேயே வரிசை பிறழாமல் நடந்து செல்லும் பொறுமை வேண்டும். ஆபிங்டன் தொழிலாளர்கள் பூட்டிய பாகங்கள் இனி புதிதாகப் பிறக்கப் போவதில்லை. பெயரை நம்பி ஒன்றைக் கழற்றி எறியுமுன் அதன் முனைகளை ஒருமுறை தேய்த்துப் பார்ப்பது, அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை.